எந்த மாதம் மலை ஏறுவது? ஒரு கடலூர்க்காரனின் கணக்கு

கடலூரில் பிறந்தவனுக்கு மலை என்று கை காட்ட ஒரே இடம்தான், கேப்பர் மலை. வெளியூர் நண்பர்களைக் கூட்டிப்போய் இதுதான் எங்கள் ஊர் மலை என்று சொன்னால் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ‘எங்கே?’ என்பார்கள், அப்போது அதன் மேல்தான் நின்றுகொண்டிருப்போம். பாண்டிக்காரர்கள் இன்னும் நேர்மையானவர்கள், கோரிமேடு என்று பெயரிலேயே அது மேடுதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆக, இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மலை ஏறும் ஆசை வந்தால் கிளம்பித்தான் ஆகவேண்டும். மூன்று மணிக்கு அலாரம், ஃபிளாஸ்க்கில் டீ, விடிவதற்குள் விழுப்புரம் தாண்டிவிட வேண்டும். மலையடிவாரத்தில் குடியிருப்பவன் காலையில் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்து முடிவு பண்ணிக்கொள்ளலாம். நாம் பத்து நாள் முன்னாடியே லீவு சொல்லி, ஆள் சேர்த்து, வண்டி பேசி முடித்துவிட்டு அப்புறம்தான் வானத்தைப் பார்க்கிறோம், அதுவும் நம் ஊர் வானத்தை. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் மனைவியின் தம்பி பாண்டி முத்தியால்பேட்டையில் இருக்கிறான். பத்துப் பன்னிரண்டு வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஏறுகிறோம். எந்த மலை என்பதில் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை, எந்த மாதம் என்பதில் ஒத்துப்போனதும் இல்லை. அவனுக்கு மழை வேண்டும். “மாமா, பச்சை இல்லாத மலைய ஏறுறதுக்கு மொட்டை மாடிய நாலு வாட்டி ஏறி எறங்கலாம்” என்பான். எனக்குப் பாறை காய்ந்திருக்க வேண்டும். என் மனைவிக்குப் பிள்ளைகளின் பரீட்சை முடிந்திருக்க வேண்டும், அதாவது மே மாதம். மூன்று காலத்திலும் போய்ப் பட்டுப் பார்த்தாயிற்று, அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு தேதி சொல்கிறேன். 2019 ஆகஸ்ட் 8 அன்று நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. ஆடி மாதம் அது, நம் ஊரில் பகலில் புழுக்கம், சாயங்காலம் சில்வர் பீச்சில் காற்று வாங்கக் கூட்டம், அவ்வளவுதான் ஆடி. இன்னொன்று 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் பாண்டி அருகே கரையைக் கடந்த இரவு. பாண்டியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. கொட்டியது, அடுத்த சில நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரில் எங்கள் பக்கத்துத் தெருக்களையும் பார்த்துவிட்டுப் போனது. ஒரே மாநிலம்தான், பெருமழைக்கு மட்டும் வேறு வேறு மாதம். மேற்கு மலைகளின் மேற்குச் சரிவுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று, நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. நடுவில் இருக்கிற ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலை இவை எல்லாம் இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், சித்திரையில் இடியோடு கோடைமழையும் சேர்த்து. கடலூரில் வெயில் அடிக்கிறது என்று ஜூலையில் வால்பாறைக்குக் கிளம்புகிறவனும், கடலூரில் மழை என்று நவம்பரில் எல்லா மலையையும் அடித்துவிடுகிறவனும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். முதல் தப்புதான் அதிகம் நடக்கிறது.

மே மாதத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் குடும்பம் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அந்த ஒரு மாதம்தான் வாய்க்கிறது.

செஞ்சி நமக்குப் பக்கம், பாண்டியிலிருந்து திண்டிவனம் வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை இது, அப்புறம் கூட்டமும் கூடிவிட்டது. ராஜகிரி ஏறக்குறைய 800 அடி. 800 அடி என்றால் ஒன்றுமில்லை என்று நினைத்துத்தான் ஒரு மே மாதம், கத்திரி தொடங்கிய வாரத்தில், பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனோம். ஏழு மணிக்கே போய்விட்டோம். டிக்கெட் கவுன்டர் திறப்பது ஒன்பது மணிக்கு. வெயிலுக்கு முந்திக்கொள்ளலாம் என்கிற நம் தந்திரம் செஞ்சியில் செல்லாது, இது போகும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வெளியே டீ குடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து, சரியாகச் சூடு ஏறும் நேரத்தில் ஏற ஆரம்பித்தோம்.

கடற்கரைக்காரர்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. நமக்கு வியர்வை என்றால் சட்டை நனைய வேண்டும், முதுகில் ஒட்ட வேண்டும், அப்போதுதான் தாகமே ஞாபகத்துக்கு வரும். செஞ்சியில் காற்று காய்ந்த காற்று. முக்கால் மலையில் என் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன், மொடமொடவென்று இருந்தது, வியர்க்கவே இல்லையே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் மச்சானின் நீலச் சட்டையைப் பார்த்தேன், தோள்பட்டைக்குக் கீழே வளைவு வளைவாக வெள்ளைக் கோடு. உப்பு. வியர்த்த வேகத்திலேயே காய்ந்து போயிருக்கிறது. ஆறு பேருக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கொண்டுபோயிருந்தோம், அதில் ஒரு பாட்டிலை வழியிலேயே குரங்கு வாங்கிக்கொண்டது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பிளவைத் தாண்டுகிற பாலம் வருமே, அதற்கு இந்தப் பக்கம் என் பெண் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டாள். எங்கள் வீட்டில் அவள் பேசுவதை நிறுத்தினால் அது பெரிய சேதி. தலை வலிக்கிறது என்று ஒரே வார்த்தை. பாறை நிழலில் படுக்கவைத்து, துப்பட்டாவை நனைத்துக் கழுத்தில் சுற்றி, மிச்சத் தண்ணீரை முழுக்க அவளுக்கே கொடுத்து, மச்சான் கீழே ஓடிப்போய் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு திரும்ப ஏறி வந்தான். ஒரே நாளில் ராஜகிரியை இரண்டு முறை ஏறியவன் என்று இன்னும் சொல்லிக்கொள்கிறான், சொல்லட்டும். உச்சியைப் பார்க்காமலே இறங்கினோம்.

அதிலிருந்து எனக்கு ஒரே சட்டம், மார்ச் பாதியிலிருந்து ஜூன் முடியும் வரை இரண்டாயிரம் அடிக்குக் கீழே உள்ள எந்தப் பாறை மலையும் கிடையாது. செஞ்சி, திருக்கோவிலூர்ப் பக்கத்துக் குன்றுகள், எதுவும். அவ்வளவு ஆசை என்றால் உயரத்துக்குப் போங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு, ஏற்காடு சேலத்தைவிட ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம், ஆக சேலம் 39 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும்போது மேலே முப்பத்தொன்று வாக்கில்தான் இருக்கும். ஆனால் மே மாதம் ஏற்காட்டில் நீங்கள் ஏறப்போவது மலையை அல்ல, முன்னால் நிற்கிற காரின் பின்பக்கத்தை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து உயர்நீதிமன்ற உத்தரவுப்படி சொந்த வண்டிக்கு இ-பாஸ் வேறு. அரசு பஸ்ஸில் போனால் அந்தத் தொல்லை இல்லை. அந்தக் கூட்டத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை, போனவர்களுக்குத் தெரியும்.

கோடையில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத இன்னொன்று பிற்பகல் இடி. சித்திரை, வைகாசியில் காலை பளிச்சென்று இருக்கும், இரண்டு மணிக்கு மேல் மேகம் திரண்டு நாலு மணிக்கு இறங்கும். பர்வதமலை மாதிரி மொட்டைப் பாறையில், மேலே இரும்பு ஏணியையும் பாறையில் அறைந்த கடப்பாரைகளையும் பிடித்துத்தான் போகவேண்டிய இடத்தில், மின்னும்போது கை எதைப் பிடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து, மாசி பங்குனி. இந்தக் காலத்தில் போகலாமா என்ற கேள்விக்கே பெரும்பாலும் இடமில்லை. பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீக் காலம், வனத்துறைப் பாதைகளை மூடிவிடுவார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி, மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலத்தில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவு, கூட வருவதற்கு உள்ளூர் வழிகாட்டி என்று ஒழுங்கு பண்ணியிருக்கிறது, அதுவும் தீக் காலத்தில் மூடிவிடும். இந்த மாதங்களில் காட்டுக்குள் புகுந்து போவதற்கு “தெரிந்த ஆள் இருக்கிறார், கூட்டிப்போகிறேன்” என்று யாராவது சொன்னால், அந்தத் தெரிந்த ஆளை முதலில் தெரியாமல் ஆக்கிக்கொள்ளுங்கள். இடுப்பளவு காய்ந்த புல், மேட்டை நோக்கி வீசும் காற்று, தீ ஏறுகிற வேகத்தில் மனிதன் ஏற முடியாது.

வேடிக்கை என்னவென்றால் வெள்ளியங்கிரி மட்டும் சரியாக இந்த நேரத்தில்தான் திறக்கும். பிப்ரவரியிலிருந்து மே வரை. ஏழு மலையும் ஏறிச் சாமி பார்க்கிற வழக்கம் அந்த மாதங்களுக்குத்தான், மழைக்காலத்தில் யானையும் வழுக்கலும் சேர்ந்து அனுமதி இல்லை. ஆறாயிரம் அடி வாக்கில் உச்சி, கீழே பூண்டியில் வியர்த்து வழிந்தவன் மேலே விடியற்காலைக் காற்றில் பல் தட்டிக்கொண்டு நிற்பான். இருதய, மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் போகவே கூடாத மலை, ஒவ்வொரு வருஷமும் அங்கே இறப்புச் செய்தி வருகிறது. நம் பக்கத்திலிருந்து கோயம்புத்தூர் ராத்திரிப் பயணம், தூங்காமல் போய் அன்றைக்கே ஏறுகிறார்கள். ஒரு நாள் தூங்கிவிட்டு ஏறினால் சாமி கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

சரி, மச்சானின் கட்சிக்கு வருகிறேன். ஆடி கடைசி முதல் புரட்டாசி வரை.

பல வருஷம் இதை நான் எதிர்த்தேன். மழையில் மலையா, வழுக்கி விழவா என்று. அவன்தான் ஒரு ஆவணி மாதம் பிடிவாதமாகக் கல்வராயனுக்கு இழுத்துக்கொண்டு போனான். உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, அப்புறம் மலைப்பாதை, வெள்ளிமலை. கள்ளக்குறிச்சி வரை கானல், மேலே போனால் வேறு ஊர். மரவள்ளிக் கொல்லை, சாமை வயல், மண் ஈரம், ஓடைகளில் கணுக்கால் அளவு தண்ணீர். நான் பயந்த மழை வந்தது, ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு. அதுதான் இந்தக் கிழக்கு மலைகளின் குணம், ஆவணி புரட்டாசியில் பெரும்பாலும் பகல் முழுக்கச் சூடு ஏறி, அந்திக்கு இடித்துப் பெய்து, ராத்திரி ஓய்ந்துவிடும். காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கி ஒரு மணிக்குள் இறங்கிவிடுகிறவனுக்கு மழைக்காலமே தெரியாது, மழை பெய்ததன் பலன் மட்டும் கிடைக்கும். மேகம் அருவி, பெரியார் அருவி எல்லாம் அருவியாக இருக்கும். மே மாதம் அதே இடத்துக்குப் போனால் ஈரமான பாறையைக் காட்டி இங்கேதான் விழும் என்பார்கள்.

கொல்லிமலை ஆகாய கங்கைக்கும் இதுவே பொருந்தும். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, அப்புறம் ஆயிரம் படிக்கு மேல் இறங்கி, சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரில் நிற்கிற இடம். மற்ற மலைகளில் முதலில் கஷ்டம், அப்புறம் சுகம். இங்கே தலைகீழ், இறங்கும்போது எல்லோரும் வீரர்கள், ஏறும்போது படிக்குப் படி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். கோடையில் அந்த ஏற்றம் சாகடித்துவிடும், ஆவணியில் ஈரக் காற்றிலேயே ஏறிவிடலாம்.

ஆனால் இந்தக் காலத்துக்கு மச்சான் சொல்லாத பக்கமும் உண்டு. ஒன்று, ஓடை. ஏறும்போது கணுக்காலுக்கு இருந்த ஓடை இறங்கும்போது இடுப்புக்கு இருக்கலாம், உங்கள் தலைக்கு மேல் மழையே பெய்யாமல், மேலே எங்கோ பெய்து. வந்த வழியில் ஓடை குறுக்கிட்டால் மதியத்துக்குள் அதைத் திரும்பக் கடந்துவிட வேண்டும், இதில் பேரம் கிடையாது. தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியுமாக வர ஆரம்பித்தால் கடக்காமல் உயரத்தில் உட்கார்ந்துவிட வேண்டும், இரண்டு மணி நேரம் போனாலும் பரவாயில்லை. இரண்டாவது, பாசி. கருங்கல் பாறையில் கறுப்பாக, எண்ணெய் தடவினாற்போல் ஒரு படலம் இருக்கும், காய்ந்திருக்கும்போது கண்ணுக்கே தெரியாது, ஒரு தூறல் போதும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கின ஷூவின் அடி அந்தப் பாறையில் என்ன செய்யும் என்பதற்கு என் இடது முழங்கை சாட்சி. மூன்றாவது, மச்சானின் சூத்திரம் கிழக்கு மலைகளுக்கு மட்டும்தான் செல்லும். அதே ஆவணியில் வால்பாறை, கூடலூர், பந்தலூர்ப் பக்கம் போனால் அந்தி மழை இல்லை, நாள் முழுக்க மழை, அட்டை வேறு. சாக்ஸுக்குள் உப்பும் புகையிலைத் தூளும் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதையும் தாண்டி ஏறுகிறது அது. அட்டை கடித்து யாரும் சாவதில்லை, ஆனால் பிள்ளைகள் அடுத்த தடவை வரமாட்டார்கள்.

ஒரே ஒரு காரணத்துக்காக அந்த மாதங்களில் மேற்கு மலைக்குப் போவேன், குறிஞ்சி. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கிற நீலக்குறிஞ்சி 2006, 2018 என்று பூத்தது, அடுத்த முறை 2030. ஜூலை முதல் அக்டோபர் வாக்கில். அதற்கு அட்டையும் ஆகும்.

குறிஞ்சி என்றதும் ஞாபகம் வருகிறது, நம் பழைய இலக்கணம் குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வைத்தது. கூதிர் என்றால் ஐப்பசி, கார்த்திகை. முன்பனி என்றால் மார்கழி, தை. முன்பனி சரி, முழு மனதாக ஏற்றுக்கொள்கிறேன். கூதிரில் மலைக்குப் போனவர்கள் காதலர்கள், அவர்களுக்கு வேறு காரணம் இருந்தது. குடும்பத்தோடு போகிறவனுக்கு ஐப்பசி கார்த்திகை வேண்டவே வேண்டாம். புயல் கரையைக் கடப்பது நம் பக்கம்தான், ஆனால் அதன் வால் மலை மேல் போய் நிற்கும். ஃபெஞ்சல் கரையைக் கடந்த மறுநாள், 2024 டிசம்பர் 1, திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டுக்குள் இருந்த ஏழு பேர் போனார்கள். அந்த வருஷம் டிசம்பர் 13 தீபத்துக்குப் பக்தர்களை மலை ஏறவே விடவில்லை. எத்தனையோ தலைமுறையாகத் தீபம் பார்க்க ஏறுகிற மலை அது. கற்பாறை மலை அசையாது என்று நாம் நினைக்கிறோம். பாறை அசையாது, பாறைகளுக்கு நடுவில் இருக்கிற மண் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஒரு கட்டத்தில் கூழாகிவிடும், அப்புறம் மேலே இருக்கிற பாறை எதன் மேல் நிற்கும்? மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தாலும் உள் ஈரம் போகாது. கடைசிப் பெருமழை ஓய்ந்து குறைந்தது பத்து நாளாவது நான் விட்டுவிடுவேன்.

ஆகவே என் கட்சி, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி 14 வரை. அதிலும் பொங்கல் கழிந்த நாலு வாரம்.

காரணம் எளிது. மழை நின்று மண் இறுகியிருக்கும், ஆனால் புல் இன்னும் காயவில்லை. ஊற்றுகளில் தண்ணீர் உண்டு. வெயில் அடித்தாலும் சுடாது. தீக்கு மூடும் முன் ஏறக்குறைய எல்லாப் பாதையும் திறந்திருக்கும், கிழக்கு மலை மேற்கு மலை என்ற பேதமே வேண்டாம், வருஷத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நமக்கு ஒத்துவருவது இந்த ஒரு காலத்தில்தான். செஞ்சிக் கோட்டை ஒன்பது மணிக்குத் திறந்தால் திறந்துவிட்டுப் போகட்டும், அன்றைக்கு மே மாதம் பாதியில் விட்ட பாலத்தைத் தாண்டி என் பெண் ராஜகிரி உச்சியில் நின்றது ஒரு ஜனவரியில்தான், பதினொன்றரை மணி வெயிலில், பேசிக்கொண்டே.

பர்வதமலையை நான் ஏறியது மூன்று முறை, மூன்றும் தை மாதம். 4,560 அடி, கடலாடி வழியாகவும் போகலாம், தென்மாதிமங்கலம் வழியாகவும் போகலாம். முதல் பாதி மரநிழலில் படியும் கல்லுமாகப் போகும், எல்லா மலையும் மாதிரிதான். கடைசிப் பகுதியில்தான் அந்த மலை தன்னைக் காட்டும். செங்குத்துப் பாறையில் கடப்பாரைகளை அறைந்து வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் சங்கிலி. ஒன்றில் கால், ஒன்றில் கை. எத்தனை வருஷமாக எத்தனை ஆயிரம் உள்ளங்கை பட்டதோ, இரும்பு மழமழவென்று ஆகிவிட்டது. தை மாதக் காலையில் அதைத் தொட்டால் உள்ளங்கைக்குள் ஜில்லென்று ஏறும், ராத்திரிப் பனி துளித் துளியாக நிற்கும், வேட்டி நுனியில் துடைத்துவிட்டுப் பிடிப்பேன். அதே இரும்பு சித்திரையில் மதியம் கையைப் பொசுக்கும், ஐப்பசியில் வழுக்கும். எந்த மாதம் என்ற கேள்விக்கு அந்த ஒரு கடப்பாரையே பதில் சொல்லிவிடும் என்பேன் மச்சானிடம். “அப்ப கடப்பாரை இல்லாத மலைக்குப் போலாம் மாமா” என்பான் அவன். பௌர்ணமியில் அங்கே கூட்டம் நெரியும், நேரக் கட்டுப்பாடுகளும் அவ்வப்போது மாறுகின்றன, கேட்டுக்கொண்டு போவது நல்லது.

என் காலத்துக்கும் குறை உண்டு, மறைக்கவில்லை. பகல் குறைவு. டிசம்பர் கடைசியில் நமக்குப் பகல் பதினொன்றரை மணி நேரம்கூட முழுதாக வராது, ஜூன் மாதத்தோடு பார்த்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் நஷ்டம். மலையின் கிழக்குப் பக்கம் இறங்குகிறவனுக்கு சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும், டார்ச் இல்லாமல் போகக்கூடாது. இரண்டாவது, மலையைவிட ரோடு ஆபத்து. மார்கழி தையில் விடியற்காலை நாலு மணிக்கு உளுந்தூர்பேட்டை தாண்டினால் பனிமூட்டத்தில் முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு பத்தடியில்தான் தெரியும். கோயில் போகிற வண்டிகளும் அந்த மாதங்களில்தான் அதிகம். அதனால் இந்தக் காலத்தில் மட்டும் நாங்கள் முந்தின நாளே போய் அடிவாரத்தில் தங்கிவிடுகிறோம், ரூம் வாடகை போனால் போகிறது. மூன்றாவது குளிர். ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பதெல்லாம் நம் கடற்கரையில் கேட்டதுதான், பட்டதில்லை. இருபது டிகிரிக்குப் போனாலே காதில் மஃப்ளர் கட்டுகிற ஜாதி நாம். ஏறும்போது வியர்க்கும், உச்சியில் நின்றதும் அந்த வியர்வையே குளிரும், ஒரு உலர்ந்த பனியன் பையில் இருந்தால் போதும், ஸ்வெட்டரைவிட அது உதவும். புல்லில் நடந்தால் உண்ணி ஏறும், ராத்திரி குளிக்கும்போது கால் மடிப்பில் தேடிப் பார்க்க வேண்டும்.

அப்புறம் பச்சை. இதில் மச்சானுக்கு நான் தோற்றுத்தான் ஆகவேண்டும். ஆவணிக் கல்வராயனைப் பார்த்துவிட்டு மாசியில் அதே இடத்துக்குப் போனால் வெயிலில் வெளுத்த சட்டை மாதிரி இருக்கும்.

யார் கூட வருகிறார்கள் என்பதும் உண்டு. பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள், அறுபதைத் தாண்டிய அப்பா அம்மா என்றால் கேள்வியே வேண்டாம், தை மாதம், பர்வதமலை இல்லாத ஏதாவது ஒன்று. முதல் முறை ஏறுகிறவர்களுக்கும் அதுவே. முட்டியில் பலமும், ஓடை ஏறினால் திரும்பிவிடுகிற புத்தியும் உள்ள நாலைந்து பேர் என்றால் ஆவணி புரட்டாசியில் கிழக்கு மலைகள், சந்தேகம் இல்லாமல். மே மாத லீவு மட்டும்தான் வாய்க்கிறது என்றால் நாலாயிரம் அடிக்கு மேல் ஒரு ஊரில் நாலு நாள் தங்கி, காலை ஆறிலிருந்து பத்துக்குள் நடந்துவிட்டு மிச்ச நேரம் தூங்குங்கள், உச்சியைத் தொட்டே ஆகவேண்டும் என்று கிளம்பாதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போதைக்கு ஒரு உடன்படிக்கை. வருஷத்துக்கு இரண்டு மலை. காணும் பொங்கல் கழிந்து அடுத்த வாரத்தில் நான் சொல்கிற மலை, பிள்ளையார் சதுர்த்தி ஒட்டி அவன் சொல்கிற மலை. மே மாதம் பண்ருட்டிப் பலாப்பழத்தை அரிந்து வைத்துக்கொண்டு ஃபேனுக்குக் கீழே உட்காருவது என்று மனைவியும் சம்மதித்துவிட்டாள். ஆவணிக்கு இன்னும் மாதங்கள் கிடக்கின்றன, அதற்குள் போன ஞாயிற்றுக்கிழமை மச்சான் காந்தி வீதியில் மழைக்கோட்டு இரண்டு வாங்கிவிட்டான், ஒன்று எனக்காம். எக்ஸ்எல் என்று போட்டிருக்கிறது. போட்டுப் பார்த்தேன், தோள் பிடிக்கிறது.